மூன்று மணிக்குள் ஒழித்துத் தரப்படும்

1

இந்தக் கதையை ஒரு சுவரிலிருந்து எடுத்தேன். திருட்டு என்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பது எல்லோருக்கும் பொதுதானே.

2004ஆம் வருஷம், ஆவணி மாசம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் கண்ணமங்கலம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். வராத வண்டிக்குக் காத்திருப்பவன் படிக்காமல் விடுகிற எழுத்து எதுவும் கிடையாது. மூலநோய்க்கு மருந்து, ஒரே மாதத்தில் தையல் பயிற்சி, 'தம்பி எங்கிருந்தாலும் வா, அம்மா சாப்பிடவில்லை' எல்லாம் படித்து முடித்தேன். கடைசியாக, யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு அடியில், அரைப் பக்க மஞ்சள் தாள்:

வீடு ஒழித்துத் தரப்படும்.
அம்மிக்கல் முதல் ஆணி வரை.
டெலிபோன் சரண்டர் உட்பட.
அணுகவும்: கே. துரைக்கண்ணு.

கீழே ஒரு எண், பக்கத்தில் பி.பி. என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு போன் என்று அர்த்தம். நாம் கூப்பிட்டு, "கொஞ்சம் துரைக்கண்ணுவைக் கூப்பிடறீங்களா" என்று குழைந்து, அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வரும்வரை அந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். கண்ணமங்கலம் வருவதற்குள் அதே டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். எழுத்தாளர்கள் தகவல் சேகரிக்கும் விதம் இதுதான். ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை.

2

தொடக்கம் ஒன்று: "துரைக்கண்ணுவுக்குச் சொந்த வீடு கிடையாது, அதனாலேயே மற்றவர்களின் வீடுகளை அவன் இரக்கமில்லாமல்—"

[நிறுத்தினேன். அவனுக்கு இரக்கமில்லை என்று எனக்கு யார் சொன்னது? ஒரு வரிக்குள் ஆளைக் கெட்டவனாக்கிவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "கமண்டல நதியின் அலைகளில் காலைச் சூரியன்—"

[அந்த ஆற்றில் அந்த வருஷம் தண்ணீரே கிடையாது. அலை அடித்தால் மணலில்தான் அடிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.]

தொடக்கம் மூன்று. இதையே வைத்துக்கொள்கிறேன்:

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் துரைக்கண்ணுவுக்கு மனைவி உண்டு. மற்ற நாட்களில் கலைமகள் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பாள். அங்கே அவள் அக்கா வீட்டில் தங்கல். ஞாயிறு காலை ஒன்பது மணி வண்டியில் ஆரணியில் இறங்குவாள். மாலை ஆறு மணி வண்டியில் திரும்பிவிடுவாள். நடுவில் ஒன்பது மணி நேரம். அதில் அவள் துவைப்பாள், அவன் கறி வாங்கி வருவான், இரண்டு பேரும் சேர்ந்து தூங்கிப்போவார்கள், எழுந்து பார்த்தால் மணி ஐந்து. மூன்று வருஷமாக இப்படித்தான்.

அவன் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மண்டியில் நெல் வந்தால் வேலை, வராவிட்டால் பீடி. ஒரு தடவை வேலூரில் ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்ய எடுபிடியாகப் போனான். அங்கேதான் ஒரு விஷயத்தைக் கண்டான். சொந்தச் சாமானைச் சொந்தக்காரர்களால் தூக்க முடியவில்லை. டாக்டரம்மா ஒரு டம்ளரைக் கையில் எடுத்தார். அது யார் சீராகக் கொடுத்தது என்று அரை மணி நேரம் பேசினார். திரும்ப அதே அலமாரியில் வைத்தார். துரைக்கண்ணு அந்த அலமாரியையே டம்ளர்களோடு தூக்கிப் போய் வண்டியில் வைத்தான். "அப்பாடா" என்றார் டாக்டரம்மா. அந்த அப்பாடாவில் ஒரு தொழில் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

கலைமகளிடம் சொன்னான். அவள் பசை காய்ந்த விரல்களைச் சொறிந்துகொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"ஒண்ணு ரெண்டு வீட்டுக்கெல்லாம் வேலைய விடமாட்டேன்யா. நிரந்தரமா ஒரு காண்டிராக்ட் புடி. மறுநாளே கம்பெனி கார்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்து நிக்கறேன்."

அவ்வளவுதான் கதை. அவனுக்கு ஒரு காண்டிராக்ட் வேண்டும். கிடைத்தால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நிரப்ப வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன.

3

ஒரு வீடு காலியாகப் போகிறது என்பது ஊரில் யாருக்கு முதலில் தெரியும்?

துரைக்கண்ணு இதை மூன்று நாள் யோசித்தான். (நான் மூன்று வாரம் யோசித்தேன். மூட்டை தூக்குகிறவன் என்னைவிடச் சீக்கிரம் யோசிக்கிறான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) முதலில் அவனுக்குத் தோன்றியது சாவு வீடு. அதனால்தான் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்கு அடியில் நோட்டீஸை ஒட்டினான். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டில் போன் அடித்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"எங்கப்பா போட்டோவுக்குக் கீழ நோட்டீஸ் ஒட்டினவன் நீதானா?"

"ஆமாங்க சார். எப்ப வரட்டும்?"

"நீ எதுக்கு வர்ற? உன் அட்ரஸக் குடு, நாங்க வர்றோம்."

அன்று மாலைக்குள் பதினேழு நோட்டீஸ்களைச் சுரண்டி எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் இருந்ததை மறந்துவிட்டான். நான் பார்த்தது அதுதான்.

பிறகு கேஸ் ஏஜென்சியில் போய் நின்றான். ஊர் மாற்றுகிறவர்கள் சிலிண்டரைத் திருப்பித் தருவார்கள் அல்லவா? "சிலிண்டர் இல்லாம வரிசைல நிக்காத" என்று விரட்டினார்கள். ரேஷன் அட்டை மாற்றுகிற இடத்தில் நின்றான். அவனுடைய அட்டையிலேயே பெயர் தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து அவனை வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். கடைசியாகப் பத்திர ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடி மேசையில் பத்திரம் எழுதும் வேணுகோபாலிடம் போனான்.

"கிரயமா, அடமானமா?" என்றார் அவர், நிமிராமல்.

"ரெண்டும் இல்லீங்க சார். வீடு ஒழிச்சிக் குடுக்கிற பிசினஸ் ஆரம்பிச்சிருக்கேன்."

"யார் வீட்ட?"

"யார் வீடா இருந்தாலும் பரவால்லீங்க."

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கறவன், விக்கிறவன், தம்பிய ஏமாத்தறவன் எல்லாரையும் பாத்துட்டேன். தூக்கினு போறதுக்குன்னு ஒருத்தன் இப்பதான் வரான். குந்து. டீ சொல்லட்டுமா?"

டீயோடு ஒரு பெயரும் கிடைத்தது: சந்திரமோகன். பட்டுச்சேலை வியாபாரி. கல்யாண மண்டபம் கட்டுவதற்காக ஒரே வரிசையில் ஒன்பது வீடுகளை வாங்கியிருக்கிறார். ஒன்பதும் காலியாக வேண்டும்.

"நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார் வேணுகோபால். "அவரு எழுதச் சொன்ன பத்திரத்துலயே இன்னும் ரெண்டு பிழை இருக்குது."

4

சந்திரமோகனின் கடையில் வெள்ளை மெத்தை விரித்திருந்தது. துரைக்கண்ணு அதை மிதிக்காமல் ஓரமாக, ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி நின்றான். அவர் அவனுடைய தோள்பட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

"தூக்கறவன்தான். தெரியுது. ஆனா சொன்ன டைமுக்கு முடிப்பியா?"

"முடிப்பேங்க மொதலாளி."

"முதல்ல ஒரு வீடு. ஸ்வர்ணலதாம்மா வீடு. ஒண்டிக்கட்டை, போளூருக்குக் குடி போறாங்க. அத எப்படி ஒழிக்கிறேன்னு பாக்கறேன். நல்லா செஞ்சா மிச்சம் எட்டு வீடும் உனக்கு. அப்புறம் மண்டபம் வந்துச்சுன்னா நாற்காலி, பாத்திரம், பந்தி மேசை, ஏத்தறது எறக்கறது எல்லாமே நீதான். வருஷம் பூரா வேலை."

வருஷம் பூரா. துரைக்கண்ணுவுக்கு மெத்தையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

சந்திரமோகன் சுவரில் இருந்த நாள்காட்டியை எட்டிப் பார்த்தார். "புதன்கிழமை வெச்சிக்கோ. ஒன்றரைக்கு மேல சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது."

"ஞாயித்துக்கிழமை வெச்சிக்கிறேங்க மொதலாளி."

"ஏன்?"

"டெம்போ அன்னிக்குத்தாங்க கிடைக்கும்."

பொய். ஜெயவேலின் டெம்போ எல்லா நாளும் சும்மாதான் நிற்கும். வரப்போகிற ஞாயிறு கலைமகள் வருகிற ஞாயிறு. தன்னுடைய முதல் வேலையை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு மனுஷன் வாழ்க்கையில் செய்கிற தவறுகளில் பாதி, யாரோ ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்வதுதான். [இந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், எனக்கும் பொருந்துகிறது.]

சந்திரமோகன் விரல் விட்டு எண்ணினார். "ஞாயித்துக்கிழமையா? காலைல சாமான் ஏத்தவே சரியாப் போயிடும். பன்னெண்டுல இருந்து ஒன்றரை எமகண்டம். மூணுக்குக் குளிகை ஆரம்பம். நாலரைக்கு ராகு. அது முடிஞ்சா விளக்கு வெக்கிற நேரம், அப்புறம் யார் வாசல் தாண்டுவாங்க? அப்ப ஒன்றரைக்கும் மூணுக்கும் நடுவுலதான் அந்தம்மா கிளம்பணும். மூணுக்குள்ள சாவி என் கைல இருக்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் நான் சாவி வாங்க மாட்டேன். வேலூர்ல வேற ஒருத்தன் ரெடியா இருக்கான்."

"சரிங்க மொதலாளி."

"புதன்கிழமைன்னா இந்தப் பேஜாரே இல்ல. நீயா கேட்டுகினது."*

* குளிகை நேரத்தில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்கலாம். பிணம் எடுக்கக் கூடாது. குளிகையில் வீட்டைக் காலி செய்தால் வாழ்நாள் பூரா வீடு வீடாகக் காலி செய்துகொண்டிருக்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் கெடுதல். துரைக்கண்ணுவுக்கோ அதைவிட நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் கிடையாது. என்ன செய்வது, நேரம் பார்ப்பவர்கள் தூக்குகிறவனைக் கேட்டுப் பார்ப்பதில்லை.

5

ஸ்வர்ணலதாவை எப்படி அறிமுகப்படுத்துவது? ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷமாக ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை போடுகிற வேலை. சேலையில் எந்த இடத்தில் மயில் வர வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டைகள்தான். இப்போது அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "கண்ணு போயிருக்கும்பா, நல்ல வேளை" என்றார் துரைக்கண்ணுவிடம்.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டைப் பார்க்கப் போனபோது உட்கார நாற்காலி போட்டார். உட்கார்ந்துகொண்டே அந்த நாற்காலியையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வரா" என்றார். "பெங்களூர்லருந்து. சுபலட்சுமி. பதினோரு வருஷமாச்சு அவ இங்க வந்து."

அப்பா இறந்த பதினாறாம் நாள், பேச்சு வாக்கில் தங்கை சொல்லியிருக்கிறாள்: 'நீ அப்பாவைப் பாத்துகினு இருந்தது வீட்டுக்காகத்தானேக்கா.' அன்றைக்கே அவள் பஸ் ஏறிவிட்டாள். பிறகு பொங்கலுக்குக்கூடப் பேச்சில்லை. வீடு விற்ற பணத்தில் பாதியை ஸ்வர்ணலதா அவளுக்கு அனுப்பினார். போன வாரம் போன் வந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான் துரைக்கண்ணு. ஒழிக்க வந்தவன் கதை கேட்கக் கூடாது. அது அவனே வகுத்த விதி. ஆனாலும் கேட்டுவிட்டான்.

"கடைசியா ஒரு தபா வீட்டைப் பாக்கணும்க்கான்னா. அப்புறம் பேச முடியல அவளால. எனக்கும்தான். காலைல அஞ்சரை வண்டிக்கு ஏறினா பன்னெண்டுக்கு வந்துடுவா."

"அப்ப நேரம் நிறைய இருக்குதுங்கம்மா" என்றான்.

சனிக்கிழமை அவன் தொழில் சுத்தமாக ஒரு காரியம் செய்தான். நோட்டீஸில் போட்டிருக்கிறானே, டெலிபோன் சரண்டர் உட்பட என்று. போனைக் கழற்றி, துணியில் சுற்றி, எக்ஸ்சேஞ்சில் ஒப்படைத்து, ரசீதும் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தான். பெருமையாகத்தான் கொடுத்தான். அவரும் "பரவால்லியே, ஜல்தியா முடிச்சிட்டியே" என்றார்.

வண்டி தாமதமானால் தங்கை எங்கே கூப்பிடுவாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இந்தப் பத்தியை எழுதும்போதுதான் தோன்றியது.

6

கலைமகளைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவளை இப்படி எழுதியிருந்தேன்:

"ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய கலைமகள், கணவனின் முதல் வேலையைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு—"

இப்படி ஒரு பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆறு நாள் நின்ற காலோடு பசை தடவிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள் நெகிழ மாட்டாள். எனவே திருத்தம்:

"இன்னாய்யா இது? லீவுன்னு வந்தா இங்கயும் மூட்டை தூக்க வெக்கிறியே! கறி எடுத்தியா?"

"சாயங்காலம் எடுக்கறேன்மே. மூணு மணிக்கு முடிஞ்சிடும்."

"ஆறுக்கு எனக்கு வண்டி. சாயங்காலம் கறி எடுத்து யாருக்குப் போடுவ?"

திட்டிக்கொண்டேதான் முந்தானையைச் செருகினாள். அது சரியாக இருக்கிறது.

ஸ்வர்ணலதா எதையும் கையில் எடுக்கக் கூடாது என்று துரைக்கண்ணு அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டான். பீரோ போயிற்று. கட்டில், அம்மி, சாமி படங்கள் எல்லாம் போயின. ஓட்டை போட்ட அட்டைகள் மட்டும் பதினோரு கோணி. பழைய பேப்பர் கடைக்காரர் கோணிக்குள் பார்த்துவிட்டு, "ஓட்டையையெல்லாம் எடை போட முடியாது" என்று சொல்லிப் போய்விட்டார். டெம்போக்கார ஜெயவேல் தன் மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு அடியில் அடைக்க ஆகும் என்று ஏற்றிக்கொண்டான். "எத்தனை மயிலு, எத்தனை அன்னம்! மாடு குடுத்து வெச்சது" என்று சிரித்தார் ஸ்வர்ணலதா. எமகண்டத்துக்கு முன்னாலேயே டெம்போ போளூருக்குக் கிளம்பியது.

பன்னிரண்டு தாண்டியது. தங்கை வரவில்லை.

ஒன்றரைக்கு எமகண்டம் விட்டது. ஸ்வர்ணலதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாவியைப் பிடித்துக்கொண்டு, வெறும் தரையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேசினால் எதிரொலித்தது. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் அவருடைய கழுத்து நீண்டு, திரும்பச் சுருங்கியது.

துரைக்கண்ணுவும் கலைமகளும் சமையலறையில் நின்றார்கள். அவர்கள் குடியிருப்பது ஒற்றை அறை. அதில் இப்படி எதிரெதிரே கையை நீட்டாமல் நிற்க இடம் கிடையாது. கலைமகள் காலியான மேடையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க அடுப்பு" என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. "இங்க தண்ணிக் கொடம்."

"இங்க மளிகை."

"அந்த மூலைல?"

"அங்க ஒண்ணும் வேணாம். நீ வந்து நின்னு பேசினு இருக்க எடம் வேணும்ல."

அவன் அந்த மூலையில் போய் நின்றான். அவள் இல்லாத அடுப்பின் முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் அவர்கள் அப்படியே

[இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. முடித்தால் அவர்கள் அங்கிருந்து நகர வேண்டியிருக்கும்.]

7

மணி இரண்டு முப்பத்தைந்து. சந்திரமோகன் கடைக்கு நடந்தால் ஏழு நிமிஷம். ஓடினால் நாலு.

"போய் சொல்லு" என்றாள் கலைமகள் கிசுகிசுப்பாக.

"நீ சொல்லேன்."

"காண்டிராக்ட் உன்னுதா, என்னுதா?"

"போனைக் கழட்டினவன் நான்மே. அவங்க எங்கயாவது வழியில நின்னுகினு இந்த நம்பருக்குத்தான் அடிச்சிகினு இருப்பாங்க. எந்த மூஞ்சிய வெச்சிகினு எழுந்திருங்கன்னு சொல்லுவேன்?"

கலைமகள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "உன் பி.பி. நம்பருக்குப் போன் வந்துச்சுன்னு சொல்லலாம். தங்கச்சி வரமுடியலயாம், உடம்பு சரியில்லையாம், நேரா போளூருக்கே அடுத்த வாரம் வர்றாங்களாம்னு. நல்ல பொய்தானேய்யா? அந்தம்மாவுக்கும் மனசு ஆறும்."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: இரண்டே முக்காலுக்கு ஆட்டோவில் சுபலட்சுமி வந்து இறங்குகிறாள். "அக்கா!" "சுபா!" கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மூன்றுக்குள் சாவி போய்ச் சேருகிறது. எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. இதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. பதினோரு வருஷத்து அழுகையைப் பத்து நிமிஷத்தில் முடிக்க முடியாது.

முடிவு ஆ: கலைமகள் சொன்ன பொய். ஸ்வர்ணலதா தலையாட்டுகிறார், எழுந்திருக்கிறார், வாசல் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். சாவி போகிறது. எட்டு வீடுகளும் மண்டபமும் துரைக்கண்ணுவுக்கு. கலைமகள் கம்பெனி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். மூன்றே காலுக்கு, பூட்டிய கதவின் முன்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது. அதிலிருந்து இறங்குகிறவள்—

இதைத்தான் எழுத வேண்டும். கதைக்கு நல்லது. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

8

முதல் பிரிவில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. நோட்டீஸ் உண்மை, காது குடைந்ததும் உண்மை. ஆனால் அன்றைக்கு நான் ஆரணிக்கு எதற்கு வந்திருந்தேன் என்று சொல்லவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் எங்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அக்கா போனில் சொல்லியிருந்தாள், "பகல்லயே வந்துடு, சேந்து ஒரு தபா பாத்துட்டு பூட்டிடலாம்." நான் சென்னையில் இருந்தேன். டி.வி.யில் கிரிக்கெட். கடைசிப் பத்து ஓவர்தானே, பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். நம் ஆட்கள் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; எனக்கு அது வேண்டியதுதான். நான் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பூட்டு தொங்கியது. கண்ணமங்கலத்தில் அக்கா குடிபோன வீட்டைத் தேடிப் போனேன். காப்பி கொடுத்தாள். "வண்டில உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு, மிச்சம் இருந்த இரண்டு மூட்டையை எடுத்து வைக்க நான் ஒரு வாரம் கழித்து வந்தபோதுதான் அந்த மஞ்சள் தாளைப் பார்த்தேன்.

அவள் எத்தனை மணி வரைக்கும் அந்த வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள், யார் அவளை எழுப்பினார்கள், என்ன சொல்லி எழுப்பினார்கள், நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமாகியும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக ஒரு மூட்டை தூக்குகிறவனை உண்டாக்கி, அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, அவளை ராணிப்பேட்டைக்கு அனுப்பி, இவ்வளவு தூரம் உங்களையும் இழுத்து வந்திருக்கிறேன்.

ஆகவே முடிவு ஆ என்னால் ஆகாது. வந்து இறங்குகிறவளின் முகம் எனக்குத் தெரியும்.

9

கலைமகள் பொறுமை இழந்துவிட்டாள். "நானே சொல்லிட்டு வரேன் போ. எனக்கு இன்னா, பொய் சொன்னா வாய் வெந்துடுமா?" என்று கூடத்துக்குப் போனாள். துரைக்கண்ணு அந்த மூலையிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். அவள் குரல் எதிரொலித்தது, வார்த்தை புரியவில்லை. ஸ்வர்ணலதா ஏதோ சொன்னார்.

திரும்பி வந்தாள். மூட்டை கட்ட வைத்திருந்த கடைசிக் கோணியைக் காணோம்.

"சொன்னியா?"

"ம்."

"இன்னான்னு சொன்ன?"

"தரை சில்லுனு இருக்குதும்மா, கோணி மேல குந்திகினு இருங்க. அவங்க வர்ற வரைக்கும் குந்திகினு இருங்கன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? அது மூஞ்சிய நீ கிட்டக்க பாக்கல. தங்கச்சிக்குக் கத்திரிக்கா பொரியல் புடிக்கும்னு காலைலயே செஞ்சி டிபன் கேரியர்ல வெச்சிருக்குதாம், பைக்குள்ள. என்னைச் சாப்புடறியான்னு கேக்குது." மூக்கை உறிஞ்சினாள். "ராணிப்பேட்டை எங்கயும் ஓடிப்போயிடாது. போ. போய் அந்தாளுக்குப் போன் பண்ணு. பொய் சொல்லாத."

எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள். மணி இரண்டு நாற்பத்தெட்டு. அங்கிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாக, கோணி மேல் உட்கார்ந்திருக்கிற ஸ்வர்ணலதாவின் முழங்காலும் கைப்பையும் மட்டும் தெரிந்தன. துரைக்கண்ணு காசைப் போட்டான்.

"மொதலாளி, துரைக்கண்ணு பேசறேங்க. வீடு பூரா ஒழிச்சாச்சுங்க. ஒரு ஆணிகூட இல்ல. ஆனா அந்தம்மா இன்னும் உள்ளதான் குந்திகினு இருக்காங்க. தங்கச்சி வரணும். நான் எழுப்பலீங்க. எழுப்பவும் மாட்டேன். மூணு தாண்டிடும். இன்னிக்கு சாவி வராது. நாளைக்குக் காலைல நீங்க சொல்ற நல்ல நேரத்துல கொண்ணாந்து குடுக்கறேன். மிச்சம் எட்டு வீட்டை இன்னா பண்ணலாம்னு சொல்லுங்க."

இதற்குச் சந்திரமோகன் என்ன சொன்னார் என்று நான்தான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். நான் அந்த வீட்டுக்குத் தாமதமாக வருகிறவர்களின் கட்சி. என் தீர்ப்பில் நியாயம் இருக்காது.

நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இவர்களில் யாரோடும் உறவில்லை. பத்திரம் உங்கள் பெயரில், ஒன்பது வீடுகளும் உங்களுடையவை, மண்டபம் கட்டக் காசு போட்டவர் நீங்கள், வேலூர்க்காரன் நீங்கள் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறான். வெள்ளை மெத்தையில் சாய்ந்துகொண்டு ரிசீவரைக் காதில் வைத்திருக்கிறீர்கள். எதிரே நாள்காட்டி தொங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் நியாயம்தான். அவன்தான் ஞாயிற்றுக்கிழமை கேட்டான்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது உங்களுக்குக் கேட்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு மூச்சும் கேட்கும். கலைமகள் அடுத்த ஒரு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பீப் அடிக்கத் தொடங்கிவிட்டது. காசைப் போடுவதா வேண்டாமா என்று அவள் புருஷன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் இன்னும் நீங்கள் பேசுவதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லுங்க மொதலாளி.